மேக்ஸின் உயரத்துக்கு ஒரு கூரை

டேட்டன், ஒஹாயோ
ஜூன் 4, 1984

அன்புள்ள ஹாலிஸ்,

கர்த்தருடைய கிருபையால் நம் மகள் டோரினும் இரண்டு குழந்தைகளும் சுகம். இரட்டை என்று டாக்டர் சொன்ன அன்று மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். இப்போது தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழந்தைக்குத் துணி மாற்றச் சொன்னால் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்க்கிறார். டோரினுக்குத் தையல் ஆறும்வரை மாடிப்படி ஏறக் கூடாது. ஆகஸ்ட் வரைக்கும் நான் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும்.

போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேன். போனில் நீ "ம்", "சரி", "பில் ஏறுது" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

படகு எந்த மட்டில் இருக்கிறது? நான் கிளம்பும்போது கவிழ்த்துப் போட்டு அடிப்பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாய். புரட்டியாகிவிட்டதா? ஆகியிருந்தால் அடுத்த வேலை அந்த அறைதான். ஹாலிஸ், கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். வரைபடம் போட்டு விற்றவர் மெயின் மாநிலத்துக்காரர். அங்கே ஜூலையில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் படகில் ஏறுவார்கள். அவருக்கு நாலு பக்கமும் பலகை அடைத்து, கண்ணாடி வைத்து, கதவு போட்ட அறை தேவை. அலபாமாவில் இருக்கிற நமக்கு எதற்கு? நம் ஆற்றில் ஜூலை மத்தியானம் அந்த அறைக்குள் மாவுக் கிண்ணத்தை வைத்தால் சோளரொட்டியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அறையை எடுத்துவிடு. நாலு கால் நட்டு மேலே கூரை. பக்கமெல்லாம் திறந்தபடி. வெயில் சாய்ந்தால் இறக்கிவிட, வேண்டாதபோது சுருட்டிக் கட்ட, கான்வாஸ் திரை. சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு. நீ ரப்பரை எடுத்து என் கோட்டை அழித்தாய். "வரைஞ்சவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?" என்றாய்.

நீ காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாம் இரண்டு பேரும் சாயங்காலத்தில் ஆறு விரிகுடாவில் சேர்கிற ஆற்று முகம்வரை போய் வரத்தானே இந்தப் படகு? முதல் சவாரி என்னோடு என்று நீதான் சொன்னாய். நான் மளிகைக் கணக்கை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

வெண்டைக்காயை முற்றவிடாதே. தபால் படகில் லூத்தர் வரும்போது அவருக்கும் ஒரு பை கொடு. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போ.

உனக்காகவும் படகுக்காகவும் ஜெபிக்கிற
ஒலீட்டா


மேக்னோலியா ஆறு, அலபாமா
ஜூன் 13

ஒலீட்டா,

குழந்தைகள் சுகம் என்று கேட்டு சந்தோஷம். யார் ஜாடை என்று எழுதவில்லையே.

படகைப் புரட்டியாச்சு. சர்ச் ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். ஒரு பெரிய பானை இறால் அவித்துப் போட்டேன். உருளைக்கிழங்கு வேகவில்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் சாப்பிடவும் இல்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அறை கிடையாது.

நம் படித்துறைக்கு அடுத்த வீட்டில் குடிவந்திருக்கிறாரே மேக்ஸின் டோலிவர், புருஷன் போன வருஷம் இறந்துபோனாரே, அவர் செவ்வாய்க்கிழமை பீச் பழம் வைத்து 'பை' பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கொட்டகையில் புலம்பல் நாற்காலியில் உட்கார்ந்தார். அறைக்குச் சட்டமெல்லாம் நிறுத்தியிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹாலிஸ், நீங்க படகு கட்டறீங்களா, பன்றிக்கறிக்குப் புகை போடற அறை கட்டறீங்களா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் போனதும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மறுநாள் காலை ரம்பத்தை எடுத்து எல்லாச் சட்டத்தையும் அறுத்துப் போட்டேன்.

இனி கூரை மட்டும். பக்கமெல்லாம் திறந்தபடி. நீ ஆசைப்பட்டதுதான். சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

வெண்டைக்காய் முற்றிவிட்டது.

ஹாலிஸ்


டேட்டன்
ஜூன் 20

அன்புள்ள ஹாலிஸ்,

சந்தோஷப்பட முயற்சி செய்தேன். வரவில்லை.

நான் மேசையில் விரித்து, கோடு போட்டு, காரணம் சொல்லி, ஒரு மாதம் கெஞ்சினேன். நீ ரப்பர் எடுத்தாய். அவள் ஒரு பீச் பழப் பையைச் சுட்டுத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வார்த்தை சொன்னாள். நீ ரம்பம் எடுத்தாய். அறை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. யார் சொல்லிப் போனது என்பதில்தான் வருத்தம். இதுகூட உனக்குப் புரியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. புலம்பல் நாற்காலி கட்டுகிறவனுக்கு உரியது. அவன் உட்கார்ந்து, தான் எங்கே கோணலாக அறுத்தோம் என்று பார்த்துத் தனக்குத்தானே புலம்புவதற்கு. நான் கொட்டகைக்குக் காபி கொண்டுவந்தபோதெல்லாம் நின்றுகொண்டுதான் பேசினேன். "உட்காரு" என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு யார் சொன்னது?

பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாயா? காலித் தட்டாகக் கொடுக்க முடியாது, அது மரியாதை இல்லை. அப்படியானால் அதில் என்ன வைத்துக் கொடுத்தாய்? என் தக்காளியா? தக்காளி வைத்திருந்தால் அவள் மறுபடியும் ஒன்றை நிரப்பிக் கொண்டுவருவாள். நீ மறுபடியும் நிரப்பிக் கொடுப்பாய். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நான் பெண்கள் சங்கத்தில் பதினைந்து வருஷம் பொருளாளராக இருந்தவள். தட்டுகள் போகிற பாதை எனக்கு அத்துப்படி.

மேக்ஸினுக்காக ஜெபித்தேன். பெயர் சொல்லியே ஜெபித்தேன். அவளுக்குச் சீக்கிரம் நல்ல மனுஷன் ஒருவன் கிடைக்க வேண்டும், அவனுக்கு வேலை தூரத்து ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

சரி. கூரை என்று முடிவாகிவிட்டதால் நான் சொல்வதைக் கேள். பெஞ்சு பின்பக்கம் இருக்கட்டும், முதுகுப் பலகை சாய்வாக இருக்கட்டும். சாயங்கால வெயில் ஆற்றில் நேராகத் தாழ்ந்து வந்து முகத்தில் அடிக்கும், கூரையின் ஓரம் அதைத் தடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கூரைக்கு வெள்ளை பெயிண்ட். திரையை நான் வந்து தைக்கிறேன். கான்வாஸை மட்டும் வாங்கி வை.

குழந்தைகளில் ஒன்று உன் ஜாடை. காரணம் இல்லாமல் முகத்தைச் சுளிக்கிறது.

ஒலீட்டா


மேக்னோலியா ஆறு
ஜூலை 2

ஒலீட்டா,

தக்காளிதான் வைத்தேன். வேறு என்ன இருக்கிறது வீட்டில்?

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. புருஷன் போன பொம்பளை, பேச ஆள் இல்லாமல் வருகிறார். நாற்காலியில் "உட்காருங்க" என்று நான் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார். எழுந்திரு என்றா சொல்வது?

கூரை முடிந்தது. மெல்லிய பிளைவுட், அடியில் வளைத்த சட்டம், மேலே வெள்ளை பெயிண்ட். முன்னால் நான் ஓட்டுகிற இடத்திலிருந்து பின்னால் பெஞ்சு வரைக்கும் ஒரே நீளம். ரொம்ப உயரம் வைக்கவில்லை. இந்தப் படகு ஒல்லி. கூரை உயர உயரக் காற்றைப் பிடிக்கும். நிற்கிற உயரத்துக்கு வைத்தால் ஆற்று முகத்தில் பக்கக் காற்று வந்ததும் பாய் கட்டின மாதிரி ஒரு பக்கமாய்ச் சாய்த்துவிடும். அதனால் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினேன். உட்கார்ந்தால் தலை தட்டக் கூடாது, சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது. இதுதான் கணக்கு.

அந்த உயரம் தெரிய யாராவது பெஞ்சில் உட்கார்ந்து காட்ட வேண்டும். நான் வெளியே நின்று பார்க்க வேண்டும். மேக்ஸின் வந்திருந்தார், அவரை உட்காரவைத்தேன். சாயங்காலம் வெயில் இறங்க இறங்க, நிழல் அவர் முகவாய்க்கு வருகிற மாதிரி சட்டத்தை ஏற்றி இறக்கி, கூரைக் காலில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கேயே அறுத்தேன். போல்ட் போட்டுப் பசையும் தடவியாச்சு. அச்சாகப் பொருந்தியிருக்கிறது.

திரையும் தைத்தாயிற்று. அவர் வீட்டில் பெரிய மெஷின் இருக்கிறது, கனத்த துணி தைக்கிறது. உன் மெஷின் கான்வாஸுக்குத் திணறும் என்றார். உனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். தையல் எப்படி என்று நீ பார்க்க, தைத்து மிஞ்சின ஓரத்துண்டு ஒன்றை வைத்து அனுப்புகிறேன்.

ஹாலிஸ்


டேட்டன்
ஜூலை 9

ஹாலிஸ்,

உன் கடிதத்தை இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, மேசையில் உப்பு டப்பாவைப் பாரமாக வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் இரண்டையும் தொட்டிலில் போட்டுவிட்டு நின்றபடி ஒருமுறை படித்தேன்.

மேக்ஸின் டோலிவர் எவ்வளவு உயரம்? நான் சொல்கிறேன். ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் எனக்குக் கை கொடுத்தாள். அவள் தொப்பியின் உச்சியை நான் மேலிருந்து பார்த்தேன். பூ வைத்த தொப்பி. பூவுக்கு நடுவே ஒரு ஊசி குத்தியிருந்தது. அவ்வளவு உயரம்.

நான் எவ்வளவு உயரம்? அதை உனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. பாடகர் குழுவில் என்னை எப்போதும் பின்வரிசையில் நிறுத்துவார்கள். கல்யாண போட்டோவில் போட்டோக்காரர் உன்னைப் படியில் ஏறச் சொன்னார், என்னைத் தரையில் நிற்கச் சொன்னார். அப்படியும் போதவில்லை. "மணப்பெண் கொஞ்சம் முழங்காலை மடக்கும்மா" என்றார். நான் மடக்கினேன். வெள்ளை கவுனுக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு சிரிக்கிற பெண்தான் நம் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறாள். அன்றிலிருந்து உன் பக்கத்தில் குதிகால் வைத்த செருப்பு போட்டதில்லை. உன்னோடு நடக்கும்போது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். நீ கவனித்திருக்க மாட்டாய். கவனிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

எனக்கு உயரமெல்லாம் இடுப்புக்கு மேலேதான். உட்கார்ந்தாலும் குறையாது. நீ அறுத்து வைத்திருக்கிற கூரைக்கு அடியில் நான் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேரே ஓரத்துச் சட்டம் வரும். ஆறு தெரியாது. கரை தெரியாது. உன் சட்டமும் நீ தடவின பசையும் தெரியும்.

அவள் உன் தோளுக்கு வருவாள். நீ முன்னால், அவள் பின்னால், இரண்டு பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கூரை. அச்சாகப் பொருந்தியிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

யாரையும் உட்காரவைக்காமல் விட்டிருக்கலாம். நான் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆறு எங்கேயும் ஓடிப்போகாது.

கூரையை உயர்த்து.

ஒலீட்டா


மேக்னோலியா ஆறு
ஜூலை 17

ஒலீட்டா,

நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நினைக்கவில்லை. ஒரு கூரைக்கு இத்தனை பேச்சா?

உயர்த்த முடியாது. ஏன் என்று எழுதினேன். இந்த நீளக் கூரையை இன்னும் ஐந்தாறு அங்குலம் தூக்கினால் பக்கக் காற்றில் படகு நிற்காது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால் நாலும் பசை போட்டு இறுகிவிட்டது, கழற்றவும் வராது. நல்ல வேலைப்பாடு, கெடுக்க மனசு இல்லை.

நீ கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால் போதும். மெத்தை ஒன்று போட்டு, முன்னுக்குச் சரிந்து, காலை நீட்டிக்கொண்டால் தலை தானாக இறங்கும். நானே பார்த்துவிட்டேன்.

படகு எப்படிப் போகிறது என்று நீ கேட்கவே இல்லை. பிரமாதமாகப் போகிறது. சனிக்கிழமை ஆற்று முகம்வரை போய்த் திரும்பினேன். இரண்டு பேர் ஏறினால் அளவாக மட்டமாக மிதக்கிறது, மூக்கு தூக்குவதில்லை. பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. நிழலில் காற்று அப்படி வருகிறது. மெயின்காரருக்கு எழுதி அவர் அறையை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய்?

ஹாலிஸ்


டேட்டன்
ஜூலை 23

திரு. ஹாலிஸ் கிரிம்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

இரண்டு பேர் ஏறினால் படகு மட்டமாக மிதக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் நீங்கள். மற்றவர் யார் என்று கேட்கப்போவதில்லை. பின்பெஞ்சில் தண்ணீர் தெறிக்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர் சொன்னால்தானே ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

முதல் சவாரி முடிந்துவிட்டது. இனி செய்ய ஒன்றும் இல்லை.

என்னைக் குனிந்து உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள். நான் போதுமான அளவு குனிந்தாயிற்று. கூரை இருக்கிறபடியே இருக்கட்டும். அது யாருக்குப் பொருந்துகிறதோ அவர் உட்காரட்டும்.

டோரினுக்கு என் உதவி இன்னும் தேவைப்படுகிறது. குளிர்காலம் முடியும்வரை இங்கேயே இருப்பதாக மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். என் குளிர்காலத் துணிகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. பெட்டியில் போட்டு அனுப்பவும்.

ஒலீட்டா கிரிம்ஸ்


மேக்னோலியா ஆறு
ஆகஸ்ட் 6

ஒலீட்டா,

உன் கடிதத்தை லூத்தர் பெட்டியில் போடாமல் கையில் கொடுத்தார். தபால் படகின் மோட்டாரை அணைத்துவிட்டு, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப்பா, 'திரு.' போட்டு எழுதியிருக்கா. என் பெண்டாட்டி எனக்கு 'திரு.' போட்டா, நான் இந்தப் படகை அப்படியே திருப்பிக்கிட்டு மெக்ஸிகோ போயிடுவேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் மோட்டாரைப் போட்டுக்கொண்டு போனார்.

போன் பண்ணினேன். பண்ணின ஒவ்வொரு தடவையும் டோரின் எடுத்து, அம்மா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். அந்தக் குழந்தைகள் அவ்வளவு அழுக்காக இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆமாம். மேக்ஸின்தான்.

மோட்டாரைச் சோதிக்க இறக்கினேன். துணைக்கு லூத்தரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடுத்த படித்துறையைத் தாண்டும்போது அவர் நின்றுகொண்டிருந்தார். நான் மோட்டாரைக் குறைத்தேன். அவர் சொல்லிக் குறைக்கவில்லை. நானாகத்தான் குறைத்தேன். "ஏறட்டுமா?" என்றார். "ஏறுங்க" என்றேன்.

அவ்வளவுதான் என்று எழுதி நிறுத்தப் பார்த்தேன். அவ்வளவு இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "ஹாலிஸ், இது ராணி உட்கார்ற இடம்" என்றார். படகு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரும் அதைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. நீ என்ன மாற்ற வேண்டும் என்று சொல்வாய். சரியாகத்தான் சொல்வாய். ஆனாலும் நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு மனுஷனுக்கு இருக்கும். இதை உன்மேல் குற்றமாக எழுதவில்லை. இருந்ததை எழுதுகிறேன்.

ஆற்று முகம் வந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். எல்லாம் அவர் புருஷனைப் பற்றி. ரே இப்படி ஓட்டுவார், ரே இந்த இடத்தில் மீன் பிடிப்பார் என்று. என்னிடம் பேசவில்லை. முதுகைக் காட்டி ஓட்டுகிற ஒரு ஆள் இருந்தால் போதும் அவருக்கு. அப்போது கம்பங்களில் பெலிக்கன் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. ஒலீட்டாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த உடனேதான் உறைத்தது, எதைச் சொன்னாலும் யாரோடு போனாய் என்ற கேள்வி வரும் என்று. அதனால்தான் அந்தக் கடிதத்தில் பெலிக்கன் இல்லை.

உன் பெட்டியை எடுக்க அலமாரிக்கு மேல் கையை விட்டேன். எட்டவில்லை. அந்தத் தட்டில் எதையும் இதுவரை நான் எடுத்ததில்லை, எப்போதும் நீதான் எடுத்துக் கொடுப்பாய். ஸ்டூலில் ஏறி நின்றேன். துணியை இறக்கவில்லை.

கூரைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், நீ உட்கார்ந்தால் தலை எங்கே வரும் என்று கண்ணை மூடிச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரம் நீ பட்டாணி உரிக்கிற நாற்காலிக்குப் பின்னால், சுவர்க் காகிதத்தில் ஒரு கறை இருக்கிறதே, என் தலை எண்ணெய் என்று ஒவ்வொரு வருஷமும் என்னைத் திட்டிக்கொண்டே தேய்ப்பாயே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். என் தலை அதற்கு ரொம்பக் கீழே நின்றுவிட்டது. அது நீ சாய்கிற இடம். அளவுகோலை வைத்து அளந்தேன்.

நாலு காலையும் அறுத்தேன். கழற்ற வராது என்று எழுதியது உண்மைதான், அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதிதாக நீளக் கால் போட்டேன். ஆனால் உயரமும் வேண்டும், காற்றும் பிடிக்கக் கூடாது என்றால் நீளத்தில் குறைக்க வேண்டும். கூரையின் முன்பாதியை அறுத்துவிட்டேன். இப்போது பெஞ்சுக்கு மேலே மட்டும்தான் கூரை. ஓட்டுகிற இடம் வெயிலில். எனக்கு ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினேன். பக்கக் காற்றில் தனியாக எடுத்துப் போய்ப் பார்த்தேன், பின்பெஞ்சில் மணல் மூட்டை வைத்து. நன்றாக நிற்கிறது. பார்க்க அழகாக இல்லை. லூத்தர், பஸ் ஸ்டாப் ஒன்று மிதந்து வருகிறது என்று நினைத்தாராம்.

வியாழக்கிழமை மேக்ஸின், திரை வெட்டக் கொண்டுவந்து விட்டுப்போன தன் கத்தரிக்கோலை எடுத்துப் போக வந்தார். படகில் ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாயங்கால வெயில்.

"ஹாலிஸ், வெயில் நேரா கண்ணுல அடிக்குதே" என்றார்.

"ஆமாம்மா. அடிக்கும்" என்றேன்.

அவர் கூரையின் ஓரத்தை நிமிர்ந்து பார்த்தார். விவரம் தெரிந்த பொம்பளை. "ஒலீட்டா நல்ல உயரம் இல்லையா" என்றார். "ஆமா" என்றேன். "சொல்லியிருக்கக் கூடாதா, நான் அன்னிக்கே உட்கார்ந்திருக்க மாட்டேனே" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் பீச் பலகாரம் வரவில்லை.

குனிந்து உட்கார் என்று எழுதினது நான்தான். அதை அறுத்து எடுக்க என்னிடம் ரம்பம் இல்லை.

முதல் சவாரியையும் திருப்பித் தர முடியாது. இந்தக் கூரையோடு யாரும் இன்னும் ஏறவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். மணல் மூட்டையைக் கணக்கில் சேர்க்காதே.

துணியை அனுப்பட்டுமா, வேண்டாமா?

ஹாலிஸ்


டேட்டன்
ஆகஸ்ட் 13

அன்புள்ள ஹாலிஸ்,

உன் கடிதத்தை நான் படித்தேன். டோரினுக்கும் வாசித்துக் காட்டினேன், அலமாரி வரும் இடம்வரை. அவள் அழுதாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் சோப்பு விளம்பரத்துக்கும் அழுகிறாள், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் அவள் கண்ணில் அடித்தது என்றால், அவளை மறுபடியும் அந்தப் பெஞ்சில் உட்காரவிட்டாய் என்று அர்த்தம். யாரும் இன்னும் ஏறவில்லை என்று அதற்குக் கீழேயே எழுதுகிறாய். கட்டிப்போட்டிருக்கிற படகில் ஏறினால் சவாரி ஆகாது என்று நீ சொல்வாய். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரில் இருந்தது என் தலைக்கறை என்றால், இத்தனை வருஷம் உன்னைத் திட்டினது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் திட்டினது அப்படியே நிற்கிறது.

நீ எழுதினதில் என்னைத் தூங்கவிடாதது மேக்ஸின் இல்லை. ஒருவரும் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான். யோசித்துப் பார்த்தேன். உன் அறையைப் பற்றிச் சொன்னேன், பசையைப் பற்றிச் சொன்னேன், கொட்டகையில் கிடந்த மரத்தூளைப் பற்றிச் சொன்னேன். அடிப்பலகையை நீ வளைத்த விதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று காலையில் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு மேடு பள்ளம் இல்லை. நீ அப்போது உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே வந்து சொல்லியிருக்கலாம். "ஷூவைத் துடை" என்றுதான் சொன்னேன். அந்த இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அழகான படகு, ஹாலிஸ். பார்க்காமலே சொல்கிறேன். பஸ் ஸ்டாப் மாதிரி இருந்தாலும்.

திரைத் தையலை எல்லாம் பிரித்து வை. நீ அனுப்பின துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் தையல் என்னுடையதைவிட நேராக இருக்கிறது. அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். என் மெஷின் திணறினால் திணறட்டும்.

அவளுக்காக நேற்று மறுபடியும் ஜெபித்தேன். புருஷன் இல்லாத வீட்டில் பேச ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்து, நிஜமாகவே ஜெபித்தேன். பாதியில் அந்தப் பூத்தொப்பி ஞாபகம் வந்தது. ஆமென் சொல்லி முடித்துவிட்டேன்.

டோரின் படியேற ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார், குளிர்காலம்வரை அவர் பார்த்துக்கொள்வார். நான் 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் மோபீல் வந்து இறங்குகிறேன். கூட்டிப்போக நீ மட்டும் வா. துணி அங்கேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் படகை எடு. நான் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு வருவேன், ஏறினதும் கழற்றி வைத்துவிடுகிறேன், உன் பலகை கீறாது. பெஞ்சில் நேராக நிமிர்ந்து உட்காருவேன். மெத்தை வேண்டாம்.

அடுத்த படித்துறையைத் தாண்டும்போது அவள் நின்றுகொண்டிருந்தால் நான் கையாட்டுவேன். நான் விசுவாசி, கையாட்டத்தான் வேண்டும். நீ திரும்பிப் பார்க்காமல் ஓட்டு.

ஆனால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போ.

ஒலீட்டா